அழித்தாலும் திரும்பி வரும் எண்

பழைய காரில் செக் என்ஜின் விளக்கு எரிந்தால், கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையானாலும் பெங்களூரானாலும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ஷெட்டில் ஸ்கேனரை மாட்டுவார்கள். திரையில் பி0420 என்று வரும். ‘கன்வர்ட்டர் போயிடுச்சு’ என்று அங்கேயே தீர்ப்பாகிவிடும். விலையைக் கேட்டு மலைத்துப்போன உரிமையாளர், ‘இப்போதைக்கு அழிச்சு விடுங்கண்ணே’ என்பார். சில நாளில் விளக்கு மறுபடி எரியும். அந்த எண்ணை ஒரு பாகத்தின் பெயராக வாசிப்பதில்தான் இந்தச் சுற்றல் தொடங்குகிறது. உண்மையில் அது காரின் கணினி நடத்திய ஒரு சோதனையின் முடிவு மட்டுமே. சோதனை என்னவென்று பார்க்காமல் பாகத்தை மாற்றினால் பணம் போகும். எண்ணை அழித்தால் தடயம் போகும்.

பி0420 எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். சைலன்சர் குழாயின் நடுவே இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள், நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டியொன்று இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்களைப் பூசியிருப்பார்கள்; ஆக்சிஜனைச் சேமித்து வைத்து விடுவிக்கும் சீரியமும் அதில் உண்டு. முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் மின்னழுத்தம், இந்த வயதுக் கார்கள் பலவற்றில், 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாடும். கன்வர்ட்டர் நன்றாக இருந்தால் பின்னால் உள்ள சென்சார் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் கணினி பி0420 என்று எழுதிவிடுகிறது. ஆனால் குழாய் இணைப்பில் கேஸ்கட் விட்டு வெளிக்காற்று உள்ளே நுழைந்தாலும் இதே ஆட்டம் தெரியக்கூடும். பின் சென்சாரே கெட்டிருக்கலாம். கன்வர்ட்டர் உண்மையாகவே செத்திருந்தாலும் அதைக் கொன்றது எது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆயில் குடிக்கும் என்ஜினிலிருந்து வரும் பாஸ்பரஸ் அந்தப் பூச்சைச் செயலிழக்கச் செய்யும். பிளக்கோ காயிலோ தவறி எரியாமல் வரும் பெட்ரோல், கட்டிக்குள்ளேயே எரிந்து பீங்கானை உருக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் புதுக் கன்வர்ட்டர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

ஒற்றை எண் ஏன் போதாது என்பதற்கு அதே தங்கவயலில் ஓர் உவமை உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்ற கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை வெடிப்பு உயிர்ப்பலி வாங்கிய ஆபத்து. ஒரே ஒரு அதிர்வுமானி, ஏதோ அதிர்ந்தது என்பதைத்தான் சொல்லும். பல இடங்களில் பதிந்த அதிர்வு வந்துசேர்ந்த நேரங்களை ஒப்பிட்டால்தான் எந்த இடத்தில் வெடித்தது என்று தெரியும். காரின் எண்ணும் அந்த ஒற்றை அதிர்வுமானிதான்.

ஒப்பிட வேண்டிய மற்ற அளவீடுகள் அதே ஸ்கேனருக்குள் கிடக்கின்றன. பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. பழுது பதிவான நொடியில் வேகம், என்ஜின் சூடு, சுமை என்னவாக இருந்தன என்பதைக் கணினி உறைநிலைப் படம்போல் சேமித்து வைக்கிறது. எரிபொருளைத் தானே எவ்வளவு கூட்டிக் குறைத்துக்கொள்கிறது என்ற ஃப்யூயல் டிரிம் கணக்கும் இருக்கிறது. பெட்ரோல் குறைவு என்று புகார் சொல்லும் பி0171-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐடிலில் டிரிம் மிக உயர்ந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றில் இறங்கினால், எங்கோ வேக்குவம் குழாயில் ஓட்டை என்று சந்தேகிக்கலாம். சுமை கூடக் கூட டிரிமும் ஏறினால் பெட்ரோல் பம்பு, ஃபில்டர் பக்கம் போக வேண்டும். ஒரே எண், இரண்டு வெவ்வேறு பழுதுகள்.

இப்போது பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-இல் நாடு 20 விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டியது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே அதே காற்றுக்கு, கலப்பில்லாத பெட்ரோலைவிட ஏழெட்டு விழுக்காடு கூடுதலாகத் தெளிக்க வேண்டியிருக்கிறது. பல கார்களில் டிரிம் திருத்தத்தின் எல்லை 25 விழுக்காட்டு வாக்கில் இருக்கும். அடைத்த இன்ஜெக்டரும் சிறு காற்றுக் கசிவும் ஏற்கெனவே அதில் பெரும்பகுதியைத் தின்றிருந்தால், மீதியை எத்தனால் நிரப்பிவிடும். பழியை முழுக்க எத்தனால் மேல் போடுவது தவறு. ஒளிந்திருந்த பழுதை அது வெளியே கொண்டுவருகிறது என்பதே சரி.

ஊர் சார்ந்த இன்னொரு சிக்கலும் உண்டு. பெங்களூருக்கு பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ்) மாசு விதி 2010 ஏப்ரலில் வந்தது. நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நகரத்துக்கு வெளியே பிஎஸ்-3 கார்களும் விற்றன. அதனால் ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் ஒரு காரில் பின் சென்சார் இருக்கலாம், மற்றதில் இல்லாமலும் போகலாம். பக்கத்துக் காருக்குச் சொன்ன வைத்தியம் இதற்குப் பொருந்தும் என்று எண்ணக் கூடாது.

இவ்வளவு பார்க்க மெக்கானிக்குக்கு நேரம் ஏது, யார் கூலி கொடுப்பார்கள் என்று கேட்பது நியாயமே. அந்தக் கூலியை உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும், முகம் சுளிக்காமல். சோதனைக்குக் காசு இல்லை, பாகத்துக்கு மட்டும் காசு என்ற வழக்கம்தான் மெக்கானிக்கை யூகத்தின் பக்கம் தள்ளுகிறது. ‘புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டதே’ என்பது அடுத்த வாதம். அந்தச் சோதனை, நின்ற இடத்தில் ஓடும் என்ஜினிலிருந்து பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது. சாலையில் சுமையோடு ஓடும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் அதில் சிக்குவதில்லை. கன்வர்ட்டரைக் குடைந்து வெற்றுக் குழாயாக்கி, பின் சென்சாரை ஏமாற்ற ஒரு துண்டு மாட்டினால் விளக்கு அணையும், அண்டை வீட்டார் சுவாசிக்கும் நச்சு கூடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் அதற்குத் தண்டனையும் உண்டு.

அழித்தபின் எண் உடனே வராததைச் சரியாகிவிட்டதற்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது. பெரும்பாலான மாசுப் பழுதுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் கணினி விளக்கை ஏற்றும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சோதனைகள் பலவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதுவரை விளக்கு மௌனமாக இருக்கும். ஆகவே முதலில் உறைநிலைப் படத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிளக், காயில், குழாய்க் கசிவு, டிரிம், இரண்டு சென்சார்களின் ஆட்டம் என்று பார்த்துக்கொண்டே போகலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் பின் சென்சார் ஆடினால், அப்போது கன்வர்ட்டருக்குப் பணம் எடுக்கலாம். விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் மட்டும் இந்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம்: பெட்ரோல் எரியாமல் தவறும் மிஸ்ஃபயர் நடக்கிறது, கன்வர்ட்டர் அந்த நேரத்திலேயே வெந்துகொண்டிருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள்.