அலை அடிக்கையில் பை அடிப்பவர்கள்

ஏப்ரல் பிறந்தால் பெங்களூரின் வடகிழக்கிலுள்ள லிங்கராஜபுரத்தில் விடுமுறைப் பேச்சு தொடங்கிவிடும். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வசிக்கும் இந்தப் பகுதிக்குக் கடல் தொலைவு. கடல் ஆசை மட்டும் பக்கம். கோவா, கோகர்ணம், புதுச்சேரி, மாமல்லபுரம் என்று ஊர்ப் பெயர்கள் அடிபடும். டிக்கெட், அறை, குழந்தைகளுக்கு நீச்சல் உடை என எல்லாம் யோசிக்கப்படும். திருடன் மட்டும் யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

ஆனால் கடற்கரை திருடனுக்குச் சௌகரியமான இடம். பர்ஸையும் செல்போனையும் கையில் வைத்துக்கொண்டு யாரும் கடலில் இறங்க முடியாது. துண்டுக்கு அடியில், செருப்புக்குள், வாடகை ஸ்கூட்டரின் டிக்கியில் என்று ஒளித்துவைக்கும் இடங்கள் அவனுக்கு அத்துப்படி. நாளை ஊர் திரும்புகிறவர் வழக்கு, வாய்தா என்று அலைய மாட்டார் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பொருள் போனால் யார் பொறுப்பு? உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் இதைத் தெளிவாக்குகின்றன. 1998 ஆகஸ்ட் 1 இரவு டெல்லி தாஜ்மஹால் ஓட்டலுக்கு வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரை ஊழியரிடம் நிறுத்தக் கொடுத்தார். ஒரு மணிக்கு வெளியே வந்தபோது கார் களவு போயிருந்தது. 'உரிமையாளரின் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சிட்டிருப்பதாக ஓட்டல் வாதிட்டது. 2019 நவம்பரில் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டால் காரைக் காக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது, தன் கவனக்குறைவை அச்சிட்ட வரியால் மறைக்க முடியாது என்றது.

மற்றது ரயில் வழக்கு. 2005இல் காசி விஸ்வநாத் எக்ஸ்பிரஸில் சென்ற வணிகர், இடுப்பு பெல்ட்டில் கட்டியிருந்த 1 லட்சம் ரூபாயைப் பறிகொடுத்தார். நுகர்வோர் மன்றங்கள் அவர் பக்கம் நின்றன. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. பயணியே தன் உடைமையைக் காக்க முடியாதபோது ரயில்வேயைப் பொறுப்பாக்க முடியாது என்பது அதன் முடிவு.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது: ஒப்படைத்த பொருளுக்குக் கேள்வி கேட்கலாம், மடியில் வைத்துக்கொண்டதற்கு நாமே காவல். நகைகள் வங்கி லாக்கரிலேயே இருக்கட்டும். அதிகப் பணம் இருந்தால் ஓட்டல் வரவேற்பறையில் கொடுத்து, எழுதி ரசீது வாங்குங்கள். கடற்கரைக்கு அன்றைய செலவுக்கான பணம் போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் நீரில் இறங்காமல், முறை வைத்து ஒருவர் கரையில் இருக்கட்டும்.

இன்று பர்ஸைவிட செல்போன் போவதுதான் ஆபத்து. வங்கிக் கணக்கே அதற்குள் இருக்கிறது. புறப்படும் முன் *#06# அழுத்தி, திரையில் வரும் 15 இலக்க எண்ணை வீட்டு நோட்டில் குறித்து வையுங்கள். போன் போனால் முதலில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து வங்கிக்குத் தெரிவியுங்கள். பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930க்கு உடனே பேசுங்கள். போலீஸ் புகார் நகலும் அதே எண்ணுக்கு மாற்று சிம்மும் கிடைத்ததும், 2023 மே மாதம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்தக் கருவியையே முடக்கலாம்.

"இது எங்கள் எல்லையில் வராது" என்று போலீஸார் திருப்பி அனுப்பினால் தயங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். கோவாவில் போன பைக்குப் பெங்களூரிலும் புகார் கொடுக்கலாம். என்றாலும் கேமராப் பதிவுகள் அழியுமுன், அங்கேயே கொடுப்பது நல்லது.

இன்னொன்று: அலைகளுக்கு நடுவே குடும்பம் சிரிக்கும் படத்தை அன்றே ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். லிங்கராஜபுரத்தில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.