நல்லது செய்யப் போய்...!
506 பையன்களின் கதை

பிள்ளைகளை நல்ல வழியில் வளர்க்கப் பெற்றோருக்கு உதவும் திட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. எல்லாம் நல்ல எண்ணத்தில் நடப்பவைதான்.

நல்ல எண்ணம் இருந்தால் மட்டும் நல்ல பலன் கிடைத்து விடுமா? அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது.

பூவா, தலையா?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். அங்குள்ள பையன்கள் கெட்டுப் போகாமல் தடுக்க, டாக்டர் ரிச்சர்டு காபட் ஒரு திட்டம் வகுத்தார்.

வயதும், குணமும், குடும்ப நிலையும் ஒத்த பையன்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். பிறகு நாணயத்தைச் சுண்டினார்கள். ஒருவனுக்கு உதவி கிடைத்தது. மற்றவனுக்குக் கிடைக்கவில்லை.

இது அநியாயம் போலத் தோன்றும். ஆனால், இதனால்தான் பின்னால் உண்மை வெளிவந்தது!

1939-ல் வேலை தொடங்கியது. ஊழியர்கள் மாதம் இரண்டு முறை வீடு தேடி வந்தார்கள். குடும்பக் கஷ்டங்களைக் கேட்டார்கள். பல பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். சிலரைக் கோடைக்கால முகாமுக்கு அனுப்பினார்கள்.

1945-ல் திட்டம் முடிந்தது.

30 ஆண்டுக்குப் பிறகு

ஜோன் மக்கார்டு என்ற ஆராய்ச்சிப் பெண்மணி அந்தப் பையன்களைத் தேடிப் புறப்பட்டார். 506 பேரில் பெரும்பாலோரைக் கண்டுபிடித்து விட்டார்.

"உதவி பயன்பட்டதா?" என்று கேட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், "ஆம்" என்றார்கள்.

அவர் அத்துடன் விடவில்லை. கோர்ட்டு, ஆஸ்பத்திரி ரிக்கார்டுகளையும் புரட்டினார். 1978-ல் முடிவை வெளியிட்டார்.

சிறு வயதுக் குற்றங்களில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால், வளர்ந்த பிறகு குடிக்கு அடிமையானவர்கள், மன நோய்க்கு ஆளானவர்கள், மறுபடியும் குற்றம் செய்தவர்கள் எல்லாம் உதவி பெற்ற பிரிவில்தான் அதிகம்!

காரணம் என்ன?

1999-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒரு துப்புக் கொடுத்தது. ஒரு முறைக்கு மேல் முகாமுக்குப் போன பையன்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஒருவன் சேட்டையை மற்றவன் மெச்சியதே காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

பெற்றோருக்கு உதவியே கூடாது என்பதல்ல இதன் பொருள். மருந்தைச் சோதிப்பது போல, உதவியையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வந்தவர்கள் பாராட்டினால் போதாது. உதவி பெறாத பிள்ளைகளை விட, உதவி பெற்ற பிள்ளைகள் மேலாக இருக்கிறார்களா? அதுதான் கேள்வி!