கோழியின் ஈரலும் இரைப்பையும் கொண்டு சாறு செய்யும் முறை

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திலும் சுற்றியுள்ள நெசவூர்களிலும் தறியை நம்பி வாழும் குடும்பங்கள் பல. காரணமின்றிக் களைப்பு, படியேறினால் மூச்சிரைப்பு, கண்ணிமையின் உட்புறத்தில் வெளுப்பு ஆகியவை இரத்தச் சோகையின் குறிகளாகும். உடல் தளர்ந்தால் நெசவு குறையும். நெசவு குறைந்தால் கூலி குறையும். பின்பு சங்கக் கடனின் தவணையும் தவறும். ஆகையால் தேகாரோக்கியம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கவனிக்கத்தக்க விஷயமாம்.

இரத்தம் ஊறுவதற்கு இரும்புச் சத்து இன்றியமையாதது. கோழியின் தொடைக்கறி 100 கிராமில் அது ஏறக்குறைய 1 மில்லிகிராமே உண்டு. ஈரலிலோ சுமார் 9 மில்லிகிராம் உண்டு. இருதயத்திலும் இரைப்பையிலும் உள்ள அளவு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அப்படியிருந்தும் கோழி அறுக்கும் வீடுகள் சிலவற்றில் இவை நாய்க்கு எறியப்படுகின்றன.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்து, துணியாலைகளில் உழைத்த கர்ப்பிணிகளைப் பீடித்த கடுஞ்சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சத்தினால் அது தீர்வதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அதனைத் தீர்த்த பொருள் ஈரலிலும் கீரையிலும் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1941-இல் அதனைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். ஆழ்வான் அவதரித்த இவ்வூரில் புலால் நீக்கியோர் கீரையாலும் பயறு வகைகளாலும் அச்சத்தைப் பெறலாம்.

இனிச் செய்முறை. நால்வருக்கு ஈரல் 100 கிராம், இரைப்பையும் இருதயமும் சேர்த்து 150 கிராம் போதும். ஈரலோடு ஒட்டியுள்ள பச்சை நிறப் பித்தப்பையை உடையாமல் அறுத்தெடுக்க வேண்டும். பித்தம் பட்ட பாகம் கசக்குமாதலால் அதனை நீக்கிவிடுக. இரைப்பையைப் பிளந்து மணலைக் கழுவி, உள்ளிருக்கும் மஞ்சள் தோலை உரித்தெறிக. நோயுற்ற கோழியின் ஈரலையும், வெண்புள்ளி கண்ட ஈரலையும் உண்ணலாகாது, புதைத்துவிடுதல் நன்று.

இரைப்பையையும் இருதயத்தையும் சிறிதாக நறுக்கி, 6 தம்ளர் நீரில் மஞ்சள், இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து மூடி, இளந்தீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுக. அவை மெத்தென்று ஆன பிறகே ஈரலை இடவேண்டும். முன்னரே இட்டால் ஈரல் இறுகிப்போம். மேலும் 10 நிமிஷம் கொதித்தபின் ஒரு துண்டைப் பிளந்து பார்க்க, உள்ளே சிவப்பு இருத்தல் கூடாது. அரைவேக்காட்டு ஈரலால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாகும். இறக்குமுன் உப்பு, பொடித்த மிளகு, சீரகம், கொத்துமல்லித் தழை இட்டு, இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிக. சுடச்சுட அப்பொழுதே அருந்திவிட வேண்டும். உடனே காப்பியோ தேநீரோ குடித்தால், அவை இரும்புச் சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்தல் நலம்.

வாரத்திற்கு ஒருமுறை இதனை உண்டால் போதும். ஈரலில் ஏ வைட்டமின் மிகுதியாதலால், கர்ப்பிணிகள் ஈரலை நீக்கி, மற்றவற்றால் செய்த சாற்றையே அருந்துக. மிகையான ஏ வைட்டமின் கருவிலுள்ள சிசுவிற்குத் தீங்கு செய்யும். அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளே தக்கவை. மூட்டுவாத நோயாகிய கௌட் உள்ளவர்களும் இச்சாற்றை விலக்க வேண்டும். சோகை கடுமையாக இருப்பின் உணவை மட்டும் நம்பியிராமல் வைத்தியரைக் காணவேண்டும்.

கறிக்கடையில் கறியைவிட மலிவாகக் கிடைக்கும் இப்பொருளின் பயனை, அங்கத்தினர்கள் தங்கள் இல்லத்துப் பெண்டிருக்கும் அயலாருக்கும் எடுத்துச் சொல்வார்களாக.