ரோட்டுக்கு அடியில் ஓர் இட்லித் துணி!

ஐப்பசி மழைக்கு முன்பு போட்ட ரோடு, தை பிறப்பதற்குள் பள்ளமும் மேடுமாகக் கிடப்பதை எத்தனையோ ஊர்களில் பார்த்திருப்போம். 'ஜல்லியைக் குறைச்சுப் போட்டிருப்பான்' என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அளவு குறையாமல் ஜல்லி கொட்டி, ஒழுங்காக ரோலர் ஓட்டிய ரோடுகூட இரண்டு மழையில் அமுங்கிப்போவது உண்டு. அங்கே ஜல்லியைத் திருடியது ஆள் இல்லை. அடியில் இருக்கும் களிமண்!

காவிரி டெல்டாவின் வண்டல் களியையும், தென் மாவட்டங்களின் கரிசலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் பாறை மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டதும் குழைந்துவிடும். அந்த நேரத்தில் மேலே லாரி ஏறினால், ஜல்லி கீழே இறங்கும். சேறு ஜல்லிக்கு நடுவே மேலே ஏறும். கல்லும் கல்லும் உரசிப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் ரோட்டின் பலம். நடுவில் சேறு புகுந்தால் அந்தப் பிடி போய்விடும். பிறகு மேலே எவ்வளவு தார் ஊற்றினாலும் ஒட்டுப்போட்ட கதைதான்.

இதற்கு சிவில் இன்ஜினீயர்கள் வைத்திருக்கும் மருந்து, ஒரு துணி!

துணி என்ன செய்யும்?

பழைய இட்லித் தட்டை நினைத்துப் பாருங்கள். தட்டில் ஓட்டைகள் இருக்கும். அதன்மேல் ஈரத் துணியை விரித்து மாவை ஊற்றுவார்கள். மாவு கீழே ஒழுகாது. ஆவி மட்டும் மேலே வரும். ரோட்டுக்கு அடியில் விரிக்கும் துணி செய்வதும் இதேதான். களிமண்ணையும் ஜல்லியையும் கலக்கவிடாமல் பிரித்துவைக்கும். தண்ணீரை மட்டும் போக விடும்.

இதற்கு ஜியோடெக்ஸ்டைல் என்று பெயர். பாலிப்ரொப்பிலின், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைகளால் நெய்தோ, கம்பளி மாதிரி அழுத்தியோ தயாரிக்கிறார்கள். மண்ணுக்குள் போடும் துணி, வலை, ஷீட் என இந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் ஜியோசிந்தெடிக்ஸ் என்று பெயர். 1977-ல் பாரிஸில் நடந்த மாநாட்டில்தான் பிரெஞ்சு இன்ஜினீயர் ஜிரூ 'ஜியோடெக்ஸ்டைல்' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார்.

பெயர்தான் புதிது, யோசனை ரொம்பப் பழசு. பாக்தாத் அருகே அகர் கூஃப் என்ற இடத்தில் சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் செங்கல்லால் கட்டிய ஒரு கோபுரத்தின் மிச்சம் இன்னும் நிற்கிறது. செங்கல் வரிசைகளுக்கு நடுநடுவே நாணல் பாய்களை விரித்துக் கட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் சுவர் வைக்க மண் குழைக்கும்போது வைக்கோலைச் சேர்த்து மிதித்தார்களே, அதுவும் இந்த வழிதான். மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்கும் ஒன்றை அதற்குள் வைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு

'துணிக்கு வேறு காசா?' என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

ஒரு வண்டி போகும் அகலமுள்ள கிராமச் சாலைக்குப் பொதுவான அகலம் 3.75 மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் வெறும் 10 சென்டிமீட்டர் ஜல்லி களிமண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1,000 x 3.75 x 0.10 என்று பெருக்கினால் 375 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட். ஆக, சுமார் 132 யூனிட். நான்கு யூனிட் ஏற்றும் டிப்பரில் 33 லோடு! அத்தனையும் மண்ணுக்குள் போய், யாருக்கும் பயன்படாமல் கிடக்கும்.

இப்போது துணியின் விலை. 2020-ல் மத்திய அரசு, பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் தென்னைநார்த் துணியைப் பயன்படுத்த முடிவு செய்தது. ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டுக்கு 369 கிலோமீட்டர். அதற்கு ஒரு கோடி சதுர மீட்டர் துணி தேவை, மதிப்பு 70 கோடி ரூபாய் என்று அப்போது கணக்கிட்டார்கள். அதாவது, சதுர மீட்டர் 70 ரூபாய்.

நம் ஒரு கிலோமீட்டருக்கு 3,750 சதுர மீட்டர். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்களுக்காகப் பத்து சதவிகிதம் கூட்டினாலும், துணிக்கு ஆகும் செலவு 2.9 லட்சம் ரூபாய்க்குள். அதை 132-ஆல் வகுத்துப் பாருங்கள். ஜல்லி யூனிட் 2,200 ரூபாயைத் தாண்டினாலே, மண்ணுக்குள் போகும் ஜல்லியைவிடத் துணி மலிவு. துணியின் இன்றைய விலையையும், உங்கள் ஊரில் ஒரு யூனிட் ஜல்லி என்ன விலை என்பதையும் விசாரித்து நீங்களே போட்டுப் பாருங்கள். விரிக்கும் கூலி தனி. ஆனால், ஒவ்வொரு மழைக்கும் பிறகு போடும் பேட்ச் வேலைச் செலவை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

நேரமும் மிச்சம். துணி இல்லாவிட்டால், ஜே.சி.பி வைத்துக் கெட்ட மண்ணைத் தோண்டி எடுத்து, அதைக் கொட்ட இடம் தேடி, நல்ல மண்ணை வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து நிரப்ப வேண்டும். துணி என்றால் சுருளை உருட்டி விரித்துவிட்டு ஜல்லி வேலையைத் தொடங்கிவிடலாம். வெட்டியெடுக்கும் கிராவலும் குறைகிறது. ஏரி, குன்றுகளுக்கும் கொஞ்சம் ஆயுள் கூடுகிறது.

மட்கும் துணி எப்படித் தாங்கும்?

'தென்னைநார் சில வருஷத்தில் மட்கிவிடுமே, அதைப் போய் ரோட்டுக்கு அடியில் போடலாமா?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

பதில் களிமண்ணிலேயே இருக்கிறது. புது ரோட்டுக்கு ஆபத்தான காலம் முதல் சில வருடங்கள். அந்தக் காலத்தில் வண்டிகள் ஏற ஏற, அடியில் உள்ள மண் நீரை இழந்து, இறுகி, மெல்ல மெல்லப் பலம் பெறுகிறது. அதுவரை துணி தாங்கிப் பிடித்தால் போதும். கட்டடத்துக்குச் சாரம் கட்டி, கான்கிரீட் இறுகியதும் பிரிக்கிறோம் அல்லவா... அது மாதிரி! இயற்கை நார்களிலேயே தென்னைநாரில் லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம். அதனால் ஈரத்தில் கிடந்தாலும் சீக்கிரம் மட்காது.

கேரளாவில் இதே துணியைக் குளத்தங்கரை, வாய்க்கால் கரைகளில் விரித்து, மேலே புல் முளைக்க விடுகிறார்கள். நூறு நாள் வேலைத் திட்டத்திலேயே இது நடந்திருக்கிறது. புல்லின் வேர் கரையைப் பிடித்துக்கொண்ட பிறகு துணி உரமாகிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மட்டையை உரித்து நார் எடுக்கும் தொழில் எவ்வளவு பெரியது என்பது நமக்குத் தெரியும். நாராகவே வெளிநாட்டுக்குப் போவதைவிட, துணியாகி நம் ஊர் ரோட்டுக்குள் போனால் கயிறு திரிப்பவருக்கும் நெய்பவருக்கும் வேலை கிடைக்கும்.

அதேசமயம், நிரந்தரமாகப் பாரம் தாங்க வேண்டிய இடத்தில் நார்த் துணி செல்லாது. அங்கே செயற்கை இழைதான்.

பாலத்துச் சுவரின் ரகசியம்

மேம்பாலத்தில் ஏறும் இடத்தில் இருபுறமும் டிசைன் போட்ட கான்கிரீட் பலகைகளை அடுக்கிய சுவர் இருக்கும். அந்தப் பலகைகள்தான் மண்ணைத் தாங்குவதாக நினைப்போம். உண்மையில் அவை வெறும் முகம். பலகைக்குப் பின்னால், மண்ணுக்குள் அடுக்கடுக்காக இரும்புப் பட்டைகளோ, ஜியோகிரிட் என்ற வலையோ நீண்டு போகின்றன. மண்ணின் பாரமே அவற்றை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பிரெஞ்சு இன்ஜினீயர் ஹென்றி விடால் 1960-களில் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

இதில் மிச்சம் எங்கே? 8 மீட்டர் உயரத்துக்கு மண்ணைச் சரிவாகக் கொட்டினால், ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் வீதம் ஒரு பக்கத்துக்கு 16 மீட்டர் இடம் வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் 32 மீட்டர். நகரத்துக்குள் அத்தனை வீடு, கடைகளை எப்படி இடிப்பது? செங்குத்துச் சுவர் அந்த இடத்தை அப்படியே காப்பாற்றிவிடுகிறது. பலகைகளை வேறு இடத்தில் வார்த்து எடுத்து வந்து அடுக்குவதால் வேலையும் வேகமாக முடிகிறது.

இந்த முறையின் பிரமாண்டத்தைப் பார்க்க சிக்கிம் போக வேண்டும். பாக்யாங் விமான நிலையம் 2018 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அந்த மலையில் சமதளமே கிடையாது. மேல்பக்கம் மலையை வெட்டி, அந்த மண்ணையே பள்ளத்தாக்குப் பக்கம் நிரப்பி, அடுக்கடுக்காக ஜியோகிரிட் வைத்து, 70 மீட்டருக்கும் மேல் உயர்த்தினார்கள். அதாவது, 20 மாடிக் கட்டடத்தைவிட உயரம்! அவ்வளவு உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் கட்ட சிமென்டையும் கம்பியையும் மலைமேல் ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். இத்தனைக்கும், 2009-ல் தொடங்கிய அந்த வேலை நிலச்சரிவுகளாலும் இழப்பீடு கேட்டு நடந்த போராட்டங்களாலும் இழுத்துக்கொண்டே போனது. நல்ல பொருள் வேலையைச் சுருக்கும். மலையையும் மனிதர்களையும் சமாளிப்பது தனி வேலை.

50 வருஷம், ஆறு மாதம்

கடலோரத்துச் சதுப்புக் களியில் கட்டடமோ ரயில் பாதையோ போட்டால், அது வருடக்கணக்கில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். காரணம், களிக்குள் இருக்கும் தண்ணீர் அங்குலம் அங்குலமாகத்தான் வெளியேறும்.

இங்கே ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. தண்ணீர் வெளியேறக் கடக்க வேண்டிய தூரம் பத்தில் ஒரு பங்கானால், ஆகும் நேரம் நூறில் ஒரு பங்காகிவிடும். அதனால், உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் பட்டைகளை மெஷின் வைத்து நெருக்கமாகக் களிக்குள் செங்குத்தாக இறக்குகிறார்கள். இளநீருக்கு ஸ்ட்ரா போடுகிற மாதிரி! மேலே மண்ணைக் குவித்துப் பாரம் ஏற்றினால், தண்ணீர் பட்டை வழியாக மேலேறி வந்துவிடும். 50 வருடத்தில் நடக்க வேண்டிய இறுக்கம், மாதக் கணக்கில் முடிந்துவிடும். சிங்கப்பூர் சாங்கி விமான நிலைய விரிவாக்கத்துக்குக் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தை இப்படித்தான் கெட்டிப்படுத்தினார்கள்.

தண்ணீரை வெளியேற்றுவது மட்டுமல்ல, தேக்கி வைப்பதும் இந்தக் குடும்பத்தின் வேலைதான். தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் தண்ணீர் இறங்காமல் இருக்க விரிக்கும் கறுப்பு ஷீட், ஜியோமெம்பிரேன் வகை. ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்தில் பெந்தா கிராமத்தைக் கடல் அரித்தபோது, ராட்சதத் துணிப் பைகளுக்குள் மணலை நிரப்பி சுமார் அரை கிலோமீட்டருக்குக் கரை அமைத்தார்கள். பாறை வெட்டவே வேண்டியிருக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால், முழுக்கப் பாறையால் கட்டுவதைவிடக் கல் குறைவு.

துணி போட்டும் ரோடு ஏன் கெடுகிறது?

துணி மந்திரம் இல்லை. விரிக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் ஊரில் வேலை நடந்தால் இவற்றைக் கவனியுங்கள்:

* துணியின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது ஓர் அடியாவது ஏறியிருக்க வேண்டும். மண் ரொம்பக் குழைவாக இருந்தால் இன்னும் அதிகம். இடைவெளி விட்டால் அந்த வழியாகவே சேறு ஏறும்.

* செயற்கைத் துணி வெயிலுக்கு ஆகாது. மாதக்கணக்கில் திறந்த வெளியில் கிடந்த சுருளின் பலம் குறைந்திருக்கும். விரித்த சில நாள்களில் மூடிவிட வேண்டும்.

* வெறும் துணிமேல் லாரியோ ரோலரோ ஏறக் கூடாது. ஓரத்திலிருந்து ஜல்லியைத் தள்ளி, அரை அடிக்குக் குறையாமல் பரப்பிய பிறகே வண்டி ஏற வேண்டும்.

* சுருக்கமோ கிழிசலோ இருக்கக் கூடாது. கிழிந்த இடத்தில் பெரிய துண்டாக ஒட்டு போட வேண்டும்.

* மிக முக்கியம், ரோட்டோர வடிகால். துணி விடும் தண்ணீர் போக வழி இல்லாவிட்டால், எந்தத் துணியும் காப்பாற்றாது.

இன்னொன்றும் உண்டு. அடியில் கெட்டியான செம்மண்ணோ பாறையோ இருந்தால் துணியே வேண்டாம். அங்கேயும் எஸ்டிமேட்டில் துணி இருந்தால், அது வீண் செலவு. எங்கே தேவை என்பதை முதலில் மண் பரிசோதனை சொல்ல வேண்டும்.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகை வைக்க வேண்டும். ரோடு போட்ட பிறகு ஐந்து வருடம் பராமரிப்பதும் அதே ஒப்பந்ததாரரின் பொறுப்பு. 'மண் பரிசோதனை ரிப்போர்ட் என்ன சொல்லுது? எஸ்டிமேட்டில் துணி இருக்கா? இருந்தால் எந்த வகை?' - கிராம சபையில் இந்த மூன்று கேள்விகளைக் கேட்க இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஜல்லி கொட்டி மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. கேட்பதாக இருந்தால், முதல் லோடு வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்!