தோட்டாவின் பித்தளையும் ஆதிச்சநல்லூர் வெண்கலமும்

ரைபிள் தோட்டாவின் கூடு பித்தளையால் ஆனது: நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். மருந்து பற்றியதும் எழும் அழுத்தத்தில் இந்தக் கூடு உப்பி, துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கம் கசியாமல் அடைப்பது இந்த ஒட்டுதல்தான். அழுத்தம் இறங்கியதும் கூடு மயிரிழையளவு சுருங்குவதால் வெளியே எடுக்க வருகிறது. ஆனால் பழைய வடிவத்துக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. சுட்ட துப்பாக்கியின் அறை அதில் அச்சாகப் பதிந்துவிடுகிறது.

தோட்டாவைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்ளும் வழக்கமுள்ள அமெரிக்கா போன்ற நாடுகளில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். பி.ஓ. ஆக்லி என்ற துப்பாக்கிக் கம்மியர் கூட்டின் தோள் சரிவை 40 பாகையாக்கி வடிவமைத்த தோட்டாக்களுக்குக் கூடு கிடைப்பது இப்படித்தான்: அகலமாகக் குடைந்த அறையில் சாதாரணத் தோட்டாவைச் சுட்டால், கூடு அந்தப் புது வடிவத்துக்கு விரிந்துகொள்ளும். இந்தியாவில் இது வீட்டுப் பட்டறை வேலை அல்ல; 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

உப்புவதும் அச்சில் அழுத்திச் சுருக்குவதுமாகப் பலமுறை போனால் கூட்டின் கழுத்து இறுகி, ஒருநாள் கீறல் விடும். குடம் தட்டும் கன்னாருக்குத் தெரிந்த சங்கதி இது. தட்டத் தட்டப் பித்தளை விறைக்கும், காய்ச்சினால் இளகும். தோட்டாக் கூட்டிலும் கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்குகிறார்கள். அடிப்பாகம் இளகவே கூடாது, ஏனென்றால் அழுத்தத்தை அங்கே தாங்கிப் பிடிக்க எஃகுச் சுவர் முழுதாகச் சூழ்ந்திருப்பதில்லை. சூட்டுக்குப் பின் சிலர் தண்ணீரில் முக்குவது வெப்பம் அடிப்பாகத்துக்கு இறங்காமல் தடுக்கத்தான். இந்தப் பித்தளையை மெல்ல ஆறவிட்டாலும் சட்டென்று குளிர்வித்தாலும் மென்மை ஒன்றுதான்.

காய்ச்சாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஆங்கிலேயப் படை இந்தியாவில்தான் பார்த்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்த விளைவு அது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் 1921-ல் காரணத்தை விளக்கினார்கள். மிதமாகச் சூடாக்கி உள்ளிறுக்கத்தைத் தளர்த்துவதே மருந்து.

தாமிரபரணிக் கரையில் கிடைத்த வெண்கலத்தின் சுபாவம் இந்தப் பித்தளைக்கு நேர் எதிர். ஆதிச்சநல்லூரில் 1876-ல் ஜாகோரும், 1899-லிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்த தாழிக்காட்டில் மெல்லிய சுவருள்ள வெண்கலக் கிண்ணங்கள் வந்தன. உலோகவியல் அறிஞர் சாரதா ஸ்ரீனிவாசன் ஆராய்ந்ததில், தகரம் ஏறத்தாழ 23 சதவீதம் உள்ள கிண்ணங்கள் தெரியவந்தன. இவ்வளவு தகரம் சேர்ந்த வெண்கலத்தைக் குளிர்ந்த நிலையில் தட்டினால் உடைந்துவிடும். செந்தணலாகச் சுட்டால்தான் வளையும். அந்தச் சூட்டிலேயே தட்டி மெலிதாக்க வேண்டும். அதன்பின் தானாக ஆறவிட்டால், சுமார் 586 பாகை செல்சியஸுக்குக் கீழே, கண்ணாடிபோல் நொறுங்கும் ஒரு கட்டம் உலோகத்துக்குள் உருவாகிறது. அதற்கு இடம் கொடுக்காமல், சிவந்த கிண்ணத்தை அப்படியே தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். அப்போதுதான் பொன்னிறமும், தட்டினால் மணிபோல் ஒலிக்கும் உறுதியும் வரும். தோட்டாப் பித்தளைக்கு ஒரு வித்தியாசமும் செய்யாத தண்ணீர், இங்கே கிண்ணத்தைக் காப்பாற்றுகிறது. வெப்பமானி இல்லாத காலத்தில் இந்த எல்லைகளைத் தழலின் நிறத்தைப் பார்த்தே பிடித்திருக்க வேண்டும். தமிழகத்தின் ஆகப் பெரிய உலோகச் சாதனைகளில் இதைத் தயங்காமல் சேர்க்கலாம்.

தட்டி உருவாக்கும் இந்த முறைக்கு மாறாக, அம்பாசமுத்திரம் பக்கத்து வாகைக்குளத்தின் பேர்பெற்ற வெண்கல வேலை வார்ப்பு வகையைச் சேர்ந்தது. சுட்டுத் தட்டித் தண்ணீரில் அமிழ்த்தும் பழைய முறை கேரளத்தில் அண்மைக்காலம் வரை நீடித்தது. சாரதா ஸ்ரீனிவாசனும் இயன் குளோவரும் 1995-ல் அதைப் பதிவுசெய்தார்கள்.