அடுக்களைத் துணியும் ஆண்டுக் கணக்கும்

வீட்டுச் செலவைக் குறித்து எங்களிடம் ஆலோசனை கேட்கும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வாடகை, பள்ளிக் கட்டணம், கடன் தவணை ஆகியவற்றையே பட்டியலிடுகின்றனர். அடுக்களை மேடையைத் துடைக்கும் காகிதச் சுருளும் பஞ்சும் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. தொகை சிறிது, ஆனால் மாதந்தோறும் திரும்பத் திரும்ப வருவது. அது குப்பைத் தொட்டியிலும் சேர்கிறது என்பதால், பெங்களூருவில் வாழும் நமக்கு இரட்டிப்புப் பொருள் உடையது.

இந்நகரின் குப்பைக் கதையை நாம் மறந்திருக்க முடியாது. 2012ஆம் ஆண்டு மாவள்ளிபுரத்துக் குப்பைக் கிடங்கு மூடப்பட்டபோது தெருமுனைகளில் குப்பை மலைபோல் குவிந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் வீடுகளிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. மண்டூர் கிராமத்து மக்களின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின், 2014 டிசம்பர் முதல் அங்கும் குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு தொட்டி, ஒரு பை என்னும் முறையை வலியுறுத்தியது: ஈரக் குப்பைக்குப் பச்சை, கழிவுக்குச் சிவப்பு, உலர் குப்பைக்குப் பை. நாம் எறியும் ஒவ்வொரு பொருளும் மற்றொரு ஊரின் வாசலில் போய் விழுகிறது என்பதே அந்த ஆண்டுகள் கற்பித்த பாடம்.

எண்ணெய் படிந்த காகிதத்தை மறுசுழற்சி செய்ய இயலாது. ஈரத் துடைப்பான்கள் பலவற்றில் பாலியெஸ்டர் இழை கலந்திருப்பதால் அவை மக்குவதில்லை. கழிவுநீர்க் குழாயிலும் அடைப்பை உண்டாக்குகின்றன. பாத்திரம் துலக்கும் பஞ்சும் பச்சை நாரும் பெரும்பாலும் பாலியூரித்தேன், நைலான் ஆகியவற்றால் ஆனவை; தேயும்போது நுண் இழைகளாக நீரில் கலக்கின்றன.

மாற்று நமக்குப் புதியதன்று. பழைய வேட்டியைக் கிழித்துக் கரித்துணியாக்குவதும், பீர்க்கங்காய்க் கூட்டையும் தேங்காய் நாரையும் கொண்டு துலக்குவதும் நம் பாட்டிமார் அறிந்தவையே. இன்று கரூர் தறிகளில் நெய்யப்படும் அடுக்களைத் துண்டுகள் உலகெங்கும் ஏற்றுமதியாகின்றன. சுவீடனில் 1949இல் உருவான, மரக்கூழும் பருத்தியும் கலந்த பஞ்சுத் துணியும் நம் கடைகளில் கிடைக்கிறது. அது ஈரத்தை நன்கு உறிஞ்சும், பின்னர் மக்கியும் போகும். மைக்ரோஃபைபர் துணி நெடுநாள் உழைப்பது உண்மை. எனினும் அது பாலியெஸ்டரும் பாலிஅமைடும் சேர்ந்தது. ஆதலால் வாங்குமுன் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற சொல்லை நம்பாமல், உறையின் பின்புறத்தில் இழையின் பெயரைப் பாருங்கள்.

துணிக்கும் ஒரு குறை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 2018இல் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தினர், ஒரு மாதம் பயன்பட்ட 100 அடுக்களைத் துண்டுகளை ஆராய்ந்தபோது, 49இல் பாக்டீரியாக்கள் வளர்ந்திருந்தன. ஈரமாகவே இருந்த துண்டுகளிலும், எல்லா வேலைக்கும் ஒன்றையே பயன்படுத்திய இடங்களிலும் ஈ.கோலை காணப்படும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. எங்கள் கிளையின் சிற்றுண்டி அறையில் நாங்களும் இதைக் கண்டோம். காகிதச் சுருளை நிறுத்தி ஆறு துணிகளை வைத்தோம். பத்தே நாளில் நாற்றம் எழுந்தது. குற்றம் துணியினுடையதன்று, அவற்றை நனைந்தபடியே சுருட்டி வைத்த எங்களுடையது. கொக்கிகள் அடித்து, விரித்து உலர்த்தத் தொடங்கியபின் அத்தொல்லை நீங்கியது.

அந்த அனுபவத்தின் பயனாகச் சில நெறிகளைக் கூறுகிறோம். மேடைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று என நிறத்தால் பிரித்துக்கொள்க. பச்சை இறைச்சி, மீன் பட்ட துணியை உடனே தனியே அலசுக. நாள்தோறும் துணியை மாற்றுக. பருத்தித் துணியை வாரம் ஒருமுறை சலவைச் சோடா இட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்துக. துணி மென்மையாக்கியைத் தவிர்க்க. அது உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். பிளீச்சிங் திரவத்தை வினிகருடனோ அமிலத் திரவங்களுடனோ ஒருபோதும் கலவாதீர். நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும்.

துவைக்கும் தண்ணீரைக் குறித்து இந்நகரத்தார் கேட்பது நியாயமே. காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படுகிறது. 2024 கோடையில் குடிநீரால் வாகனம் கழுவுவோர்க்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது. எனவே துணிகளை ஓடும் குழாயின் கீழ் அலசாமல், ஒரு வாளியில் ஊறவைத்து, மற்ற உடைகளோடு சேர்த்தே துவைக்க வேண்டும். அவ்வாறு செய்தால் கூடுதல் தண்ணீர் மிகச் சிறிதே.

இனிக் கணக்குக்கு வருவோம். விலைகள் இடத்துக்கு இடம் மாறும். இது எடுத்துக்காட்டு மட்டுமே. காகிதச் சுருள் ஒன்று 90 ரூபாய், மாதம் இரண்டு. பஞ்சு 30 ரூபாய். ஆக மாதம் 210, ஆண்டுக்கு 2,520 ரூபாய். பன்னிரண்டு பருத்தித் துணிகள் தலா 40 ரூபாய் வீதம் 480, சோப்புக்கும் சோடாவுக்கும் மாதம் 40 வீதம் 480, மொத்தம் 960. மீதம் 1,560 ரூபாய், அதாவது மாதம் 130. மாதம் 100 ரூபாயிலேயே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கப் பல வங்கிகள் இடமளிக்கின்றன. பழைய வேட்டி வீட்டிலேயே இருந்தால் மீதம் இன்னும் கூடும்.

இதைத் தொழிலாகக் கருதுவோரும் உளர். தையல் தெரிந்தவர் ஒருவர் துண்டுத் துணிகளை வாங்கி, ஓரம் அடித்து, அடுக்களைத் துணிகளாக விற்கலாம். 2015இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தின் சிசு வகையில் 50,000 ரூபாய் வரை பிணையமின்றிக் கடன் பெற வழியுண்டு. ஓரம் தைக்கப் பருத்தி நூலையே பயன்படுத்தினால் துணி முழுவதும் மக்கும் என்பதைத் தொழில் செய்வோர் நினைவில் கொள்வது நன்று.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுவதில்லை. கையிலுள்ள காகிதச் சுருள் தீரட்டும். அடுத்ததை வாங்குமுன் ஆறு துணிகளும் ஒரு கொக்கியும் போதும். மூன்று மாதம் கழித்து, உங்கள் குப்பைத் தொட்டியையும் செலவுக் குறிப்பேட்டையும் ஒருசேரப் பாருங்கள். இரண்டும் ஒரே செய்தியைக் கூறும்.