கடிவாள இரும்பு எங்கே தங்குகிறது?

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல் இல்லாத ஈறு உண்டு. கடிவாளத்தின் இரும்பு தங்குவது அங்கேதான். ஆண் குதிரைகளுக்கு அந்த இடைவெளியின் முன்பகுதியில் கோரைப்பல் முளைக்கும்; இரும்பு அதில் இடிக்கக் கூடாது. ஈறு மெல்லியது, அடியில் தாடையெலும்பின் விளிம்பு. அதனால் சிறு இழுப்பும் உறைக்கும்.

மாட்டுபவர் இடப்பக்கம், தலையை ஒட்டி நிற்பது வழக்கம். வலக்கை தலைப்பட்டையை உயர்த்திப் பிடிக்க, இடக்கை இரும்பை உதட்டருகே கொண்டுபோகும். கட்டைவிரலைக் கடைவாயோரம் பல் இல்லாத இடத்தில் நுழைத்தால் வாய் திறக்கும். பல்லில் இரும்பால் தட்டித் திறக்கவைப்பது மோசமான பழக்கம். அடுத்த முறை கடிவாளத்தைக் கண்டாலே குதிரை தலையைத் தூக்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் இரும்பை உள்ளங்கையில் சூடேற்றுவதும் நல்லது. பிறகு காதுகளை ஒவ்வொன்றாக மெல்ல வளைத்துப் பட்டைக்கு அடியில் நுழைக்க வேண்டும்.

தொண்டைப்பட்டையில் நான்கு விரல் இடைவெளி வேண்டும். குதிரை கழுத்தை வளைக்கும்போது தாடைக்குப் பின்னால் இடம் குறையும். மூக்குப்பட்டைக்கு, மூக்கெலும்பின் மேல், இரண்டு விரல் போதும். அது தாழ்ந்து எலும்பில்லாத பகுதியை அழுத்தினால் மூச்சு தடைப்படும், ஏனெனில் குதிரையால் வாய்வழி சுவாசிக்க முடியாது.

கழற்றும்போது, குதிரை தானாக இரும்பை விடும்வரை காத்திருக்க வேண்டும்.